நட்பு முறியாமல் மரபைக் கேள்வி கேட்பது எப்படி?

பிறந்த மதத்தின் வழக்கம் ஒன்றைப் பற்றி ஐயம் எழுந்துவிட்டது. அதைக் கேட்காமல் இருக்க மனம் ஒப்பவில்லை. கேட்டால் வீட்டிலும் ஊரிலும் உறவு கசந்துவிடுமோ என்ற அச்சமும் விலகவில்லை. இந்த நிலையில் இருப்பவர்களுக்காக, குறிப்பாகக் கன்னியாகுமரி மாவட்டத்து இளையவர்களுக்காக, இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன். இங்கே சிக்கல் மற்ற இடங்களைவிடச் சற்றுக் கூடுதல். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மாவட்டத்தில் இந்துக்கள் 48.65 விழுக்காடு, கிறிஸ்தவர்கள் 46.85 விழுக்காடு, முஸ்லிம்கள் 4.2 விழுக்காடு. பல குடும்பங்களில் பெரியப்பா வீட்டார் முத்தாரம்மன் கோவில் திருவிழாவான கொடைக்கு வரி கொடுப்பார்கள், சித்தப்பா வீட்டார் ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போவார்கள், பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்த சேக்காளி வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் நிற்பார். ஆகவே ஒருவர் தம் மரபைப் பற்றி எழுப்பும் கேள்வி அவர் வீட்டு முற்றத்தோடு நிற்பதில்லை. வேலிக்கு அப்பால் இருப்பவர் காதிலும் அது விழுகிறது. அவர் அதைத் தமக்குச் சாதகமாகவோ தம்மைக் குத்துவதாகவோ எடுத்துக்கொள்ளவும் செய்கிறார்.

நெடுநாள் பார்த்ததில் எனக்கு உறுதிப்பட்ட ஒன்று உண்டு. மரபின் வேலையில் தோள் கொடுத்து, அதன் வரலாற்றைத் தேடிக் கற்று, உள்ளே நின்று கேட்பவரின் கேள்விக்குத்தான் ஊர் காது கொடுக்கிறது. இதற்கு ஒரு விலக்கு இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வாசலிலேயே தடுத்து நிறுத்தப்பட்டவரிடம் "முதலில் கற்றுக்கொண்டு வா, வேலை செய்துவிட்டுப் பேசு" என்று சொல்வது கேலியாகும். சுசீந்திரம் கோவிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடக்கவே உரிமை மறுக்கப்பட்டவர்களுக்காக 1926இல் சத்தியாக்கிரகம் நடந்தபோது, அவர்கள் அந்தக் கோவிலின் ஆகமத்தைப் படித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க யாருக்கும் தகுதி இருக்கவில்லை. கீழே சொல்லப்போகும் பொறுமையும் முறையும், உள்ளே இடம் பெற்றவர்களாகிய நமக்கு உரியவை.

எதைக் கேட்கிறோம் என்று பிரித்துக்கொள்ளுதல்

ஐயம் எழும்போது அது ஒரே திரளாக வருகிறது. "இந்தச் சாமி கும்பிடுவதே பொய்" என்றோ "சபையே ஏமாற்று" என்றோ அது வாயில் வந்துவிடும். சற்று ஆறப்போட்டுப் பார்த்தால், நமக்கு உறுத்தியது பெரும்பாலும் ஒரு சிறு பகுதியாக இருக்கும். கடவுள் உண்டா என்பது ஒரு கேள்வி. கடவுளின் பெயரால் சொல்லப்படும் கதை நடந்ததா என்பது மற்றொன்று. ஒரு சடங்கு தேவையா, அதன் செலவு நியாயமா, அதில் யாருக்கு முதல் மரியாதை, யார் ஒதுக்கப்படுகிறார்கள், முடிவெடுக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பவை வேறு வேறு கேள்விகள். இவற்றைக் கலந்து கேட்டால் விடை சொல்பவர் தமக்கு எளிதானதை எடுத்துக்கொண்டு அதற்கே பதில் சொல்லித் தப்பித்துவிடுவார். நீங்கள் வரவுசெலவைக் கேட்டிருப்பீர்கள். அவர் பக்தியைப் பற்றிப் பேசி முடித்திருப்பார்.

சுசீந்திரத்தின் கைமுக்கு இதற்கு நல்ல சான்று. குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி, கோவிலில் கொதிக்கும் நெய்யில் கையை விட்டு உள்ளே கிடக்கும் பொருளை எடுக்க வேண்டும். கை வெந்தால் குற்றவாளி, வேகாவிட்டால் நிரபராதி. அப்போது இந்தப் பகுதியை ஆண்ட திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில் இது நிறுத்தப்பட்டது. நெய்யின் சூட்டுக்கும் ஒருவனின் ஒழுக்கத்துக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வி மட்டுமே அங்கே முன்வைக்கப்பட வேண்டியிருந்தது. அந்தக் கோவிலின் இறைவன் தாணுமாலயன் இருக்கிறாரா இல்லையா என்று அதற்காக யாரும் வழக்காட வேண்டியதில்லை. இன்று அந்தக் கோவிலில் தேரோட்டம் இருக்கிறது, தெப்பம் இருக்கிறது, கைமுக்கு இல்லை. கோவில் நுழைவுக்கும் இதே கணக்குத்தான். 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் வெளியிட்ட பிரகடனத்தால் எல்லாச் சாதியாருக்கும் கதவு திறந்தது. வழிபாடு குறையவில்லை, கூடவே செய்தது.

ஆகவே ஒரு தாளில் உங்கள் கேள்வியை ஒரே வாக்கியமாக எழுதிப் பாருங்கள். எழுத முடியவில்லை என்றால் அது இன்னும் கேள்வியாகவில்லை, வெறும் எரிச்சலாக இருக்கிறது என்று பொருள். எரிச்சலுக்கும் காரணம் இருக்கலாம். ஆனால் அதை ஊர்க்கூட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போகக் கூடாது.

கேட்பதற்கு முன் கற்றல்

"பண்டுமுதலே இப்படித்தான்" என்ற பதிலே எங்கும் முதலில் வரும். அது பொய் என்று எண்ணிப் பாய வேண்டாம். சொல்பவர் நம்பித்தான் சொல்கிறார். ஆனால் அதைச் சரிபார்க்காமல் ஏற்கவும் வேண்டாம். நாகர்கோவில் என்ற ஊர்ப்பெயருக்குக் காரணமான நாகராஜா கோவிலின் தூண்களை ஒருமுறை நின்று பாருங்கள். மகாவீரரும் பார்சுவநாதரும் அங்கே செதுக்கப்பட்டிருக்கிறார்கள். சமண முனிவர்களுக்கு அளிக்கப்பட்ட கொடைகளைச் சொல்லும் கல்வெட்டுகளும் அங்கே உண்டு. சிதறால் மலைக்கு ஏறினால் பாறை முகத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள் இருக்க, அதே இடத்தில் இன்று பகவதிக்குப் பூசை நடக்கிறது. ஒரு வழிபாட்டின் மேல் இன்னொன்று வந்து அமர்ந்திருக்கும் இடங்கள் இவை. "பண்டு" என்று நாம் சொல்லும் காலத்துக்கும் ஒரு பண்டு இருந்திருக்கிறது என்பதை இவற்றைக் கண்ணால் பார்த்தவருக்கு விளக்கவே வேண்டியதில்லை. இதைக் கொண்டு "அப்படியானால் உங்கள் கோவிலே உங்களுடையது இல்லை" என்று யாரையும் மடக்கக் கிளம்புவது அற்பத்தனம். மாறாதது என்று சொல்லப்படுவது முன்பே மாறியிருக்கிறது என்று நாம் தெளிவதற்கே இது பயன்பட வேண்டும்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு விந்தையாகத் தோன்றும் வழக்கத்துக்குள்ளே பழைய கேள்வி ஒன்று உறைந்திருப்பதும் உண்டு. சாமித்தோப்பு அய்யா வைகுண்டர் பதியில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத் தலையில் தலைப்பாகை கட்டிக்கொண்டு உள்ளே போகிறார்கள். அங்கே சிலை கிடையாது, கண்ணாடி இருக்கிறது. முறை தெரியாத சுற்றுலாப் பயணி "இது என்ன மூடவழக்கம்" என்று முணுமுணுத்துக்கொண்டு துண்டைச் சுற்றிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். தலைப்பாகை கட்டுவது சில சாதியாருக்கு மறுக்கப்பட்டிருந்த நாட்டில், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், "கட்டிக்கொண்டு வா" என்று வைகுண்டர் சொன்னதன் தொடர்ச்சி அது. எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றில் நீர் இறைக்க முத்திரிக்கிணற்றையும், ஒன்றாய் அமர்ந்து உண்ணச் சமபந்தியையும் ஏற்படுத்தியவரைத் திருவிதாங்கூர் அரசு பிடித்துத் திருவனந்தபுரத்தில் சிறை வைத்தது. இத்தனையும் தெரிந்த பிறகு அந்தத் தலைப்பாகையைப் பற்றிக் கேள்வி கேட்கலாம். கேட்கும் குரல் அப்போது வேறாக இருக்கும்.

படிக்கும்போது ஒரு பொறியில் விழாமல் இருக்க வேண்டும். இப்போது ஒவ்வொரு சடங்குக்கும் "அறிவியல் காரணம்" கண்டுபிடித்து அனுப்புகிறார்கள். கோபுரக் கலசம் ஊரைக் காக்கும் இடிதாங்கி என்பது அவற்றில் பெயர்பெற்றது. இடிதாங்கி என்றால் உச்சியில் உலோகமுனை இருந்தால் போதாது, அங்கிருந்து தரைக்குள் இறங்கும் உலோகக் கம்பி வேண்டும். அந்தக் கம்பி இல்லாத கலசம் இடியைத் தாங்காது. மின்வாரியத்தில் வேலை செய்யும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இத்தகைய விளக்கங்கள் மரபுக்கு மதிப்புச் சேர்ப்பதாக நினைப்பவர்கள் உண்மையில் அதற்குத் தீங்கே செய்கிறார்கள் என்பது என் எண்ணம். ஏனெனில் பிள்ளைகள் ஒருநாள் கம்பியைத் தேடிப் பார்ப்பார்கள். காணாதபோது கலசத்தின் அழகையும் சேர்த்தே உதறிவிடுவார்கள். அழகுக்காகவும் நம்பிக்கைக்காகவும் வைத்திருக்கிறோம் என்று சொல்வதில் என்ன குறைவு வந்துவிடும்?

யாரிடம், எப்போது

கொடை நடக்கும் நாளில், வில்லடிக்கும்போது, சாமி வந்து ஆடுபவரின் முன்னால் நின்று கேட்கக் கூடாது. திருவிழாத் திருப்பலி முடிந்து வெளியே வரும் பங்குத்தந்தையின் வழியை மறித்துக் கேட்கக் கூடாது. துக்க வீட்டில் கேட்கவே கூடாது. உரிய நேரம் வேலை தொடங்குவதற்கு முந்தைய காலம்: கோவிலுக்கு வரிக் கூட்டம் கூடும் மாலை, சபைக்கு அசன விருந்தின் பொறுப்புகளைப் பிரித்துக்கொள்ளும் நாள், கத்தோலிக்கப் பங்கில் அக்கம்பக்கத்து வீட்டார் கூடும் அன்பியக் கூட்டம் முடிந்து கட்டன்சாயா குடிக்கும் பத்து நிமிடம். அப்போதுதான் எதையும் மாற்றுவதற்கு இடம் இருக்கும். விழா தொடங்கிவிட்டால் நல்ல மனமுள்ள தலைவரும் "இப்போ விடு மக்கா" என்றுதான் சொல்லியாக வேண்டும்.

அகஸ்தீஸ்வரம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் வரிக் கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கணவனை இழந்து, ஆண்பிள்ளை இல்லாமல், பெண்களைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்த ஓர் அம்மாளிடம் அங்கே தலைக்கட்டு வரி வாங்குவதில்லை. கேட்பவருக்கு இது சலுகையாகத் தோன்றும். ஆனால் வரி கொடுத்த வீட்டுக்குத்தான் கொடை முடிந்த மறுநாள் தேங்காயும் பழமும் சோற்றுப் பங்கும் போகும். நோட்டில் பெயரில்லாத வீட்டின் முன்னால், பங்கு கொண்டுவரும் பெரிய பாத்திரமான குட்டுவம் நிற்காமல் நகர்ந்துவிடும். இளைஞன் ஒருவன் எழுந்து, அந்த அம்மாளிடமும் இந்த வருடம் வரி வாங்கலாமே என்று கேட்டான். "அது பண்டுமுதலே கெடையாது மக்கா" என்றார் தலைவர். அவன் ஆண்டுதோறும் நோட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியவன். பந்தலுக்குக் குலை கட்டுவதிலிருந்து விடியற்காலையில் அண்டா கழுவுவது வரை கூட நின்றவன். "அப்போ பழைய நோட்டப் பாத்திருவோமா மாமா?" என்றான்.

மறுக்க முடியவில்லை. கோவில் மரப்பெட்டிக்குள்ளிருந்து, விளக்கெண்ணெய் பட்டு விளிம்பு கறுத்த நீள நோட்டுகளை எடுத்து வந்து திண்ணையில் அடுக்கினார்கள். பூச்சி அரித்த தாள்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரி, அதன் நேரே ரூபாய், அணா. புரட்டிக்கொண்டே போனபோது நீல மையில், "இன்னார் மனைவி" என்ற குறிப்போடு, ஒரு பெண்ணின் பெயருக்கு நேரே முழுத் தலைக்கட்டு வரியும் வரவு வைக்கப்பட்டிருந்தது. அடுத்த ஆண்டின் நோட்டிலும் இருந்தது. அங்கிருந்த வயதான பாட்டா ஒருவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்தப் பெயரைத் தம் விரலால் தொட்டு வாசித்து, "இது எங்க அத்தைல்லா" என்றார். பிறகு யாரும் அதிகம் பேசவில்லை. இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். அந்த ஆண்டு அந்த அம்மாளின் பெயர் நோட்டில் ஏறியது. அடுத்த கொடைக்கு வேறு சில வீடுகளின் பெயரும் ஏறியது.

இதில் கற்க வேண்டியவை பல. அவன் பெண்ணுரிமை பற்றிச் சொற்பொழிவு ஆற்றவில்லை. ஆற்றியிருந்தால் பாதிப்பேர் பீடி பற்றவைக்க வெளியே போயிருப்பார்கள். ஊர் எதைச் சான்றாக மதிக்கிறதோ அதையே சான்றாகக் கேட்டான். தலைவரைத் தோற்கடிக்காமல், அவர் கையாலேயே நோட்டைப் புரட்டவைத்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, அவன் அண்டா கழுவியவன் என்பதை அந்தத் திண்ணையில் இருந்த அனைவரும் அறிந்திருந்தார்கள். எந்தப் பழைய நோட்டும் கைகொடுக்காத கேள்விகளும் உண்டு. அப்போதும் அந்த உழைப்பு கணக்கில் நிற்கும்.

கேட்க வேண்டியவர் யார் என்பதிலும் கவனம் வேண்டும். பதவியில் இருப்பவரைவிட வேலை செய்பவருக்கு மரபு நன்றாகத் தெரியும். வில்லுப்பாட்டுப் புலவருக்குக் கதையின் எத்தனை வடிவங்கள் உண்டென்று தெரியும்; எந்த ஊரில் எதை விட்டுப் பாடுகிறார்கள் என்றும் தெரியும். சபையில் நீண்டகாலம் உபதேசியாராக இருந்தவர், மூன்று நான்கு போதகர்கள் வந்து மாற்றிவிட்டுப் போன ஒழுங்குகளை வரிசையாகச் சொல்வார். தக்கலை பீர் முகம்மது அப்பாவின் தர்காவில் ஆண்டுதோறும் இரவு முழுவதும் அவர் இயற்றிய ஞானப்புகழ்ச்சியைப் பாடுபவர்களிடம் பேசினால், தமிழில் இறைவனைப் பாடும் அந்த மரபை அவர்கள் எப்படித் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றி வந்தார்கள் என்பது விளங்கும். வீட்டிலும் இப்படித்தான். அப்பாவைக் கேட்பதற்கு முன் அடுப்படியில் நிற்கும் பாட்டியைக் கேளுங்கள். விரதத்தின் விதிகளைச் சொல்பவர் அப்பாவாக இருக்கலாம். பட்டினி கிடந்தவர் பாட்டி. எந்த விதியை எந்த ஆண்டில் சத்தமில்லாமல் தளர்த்தினார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும்.

நண்பரின் மதம்

இங்கே சட்டம் கண்டிப்பானது. உங்கள் மரபை நீங்கள் கேளுங்கள். நண்பரின் மரபை நண்பர் கேட்கட்டும். உங்கள் கோவிலின் செலவைக் கண்டிக்க அவருடைய சபையின் எளிமையை இழுக்காதீர்கள். உங்கள் சபையின் கட்டுப்பாட்டைக் குறைசொல்ல அவருடைய கோவிலின் தாராளத்தைத் துணைக்கு அழைக்காதீர்கள். நண்பரின் மதத்தைப் புகழ்வதுபோல் தோன்றினாலும், உண்மையில் அவரை நம் வீட்டுச் சண்டைக்குச் சாட்சியாக்குகிறோம். அவர் தம்முடைய ஐயத்தை நம்மிடம் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும். அதை நம் வீட்டில் போய் "பார்த்தீர்களா, அவர்களே சொல்கிறார்கள்" என்று விற்கக் கூடாது. தர்காவில் பாடுவது கூடுமா கூடாதா என்று முஸ்லிம்களுக்குள்ளேயே மாறுபட்ட கருத்துகள் உண்டு. அது அவர்கள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியது. மற்றவர்கள் அதில் கட்சி சேர்வது விஷமம்.

நட்பு ஒருவரின் நம்பிக்கையை மாற்றியும் இருக்கிறது. 1741இல் குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு மார்த்தாண்டவர்மாவின் படையில் தளபதியான டச்சுக் கம்பெனி வீரர் டி லன்னாய்க்கும், நட்டாலத்தில் பிறந்து அரண்மனைப் பணியில் இருந்த நீலகண்ட பிள்ளைக்கும் இருந்த நட்பு அத்தகையது. கால்நடைகளும் விளைச்சலும் அழிந்து நீலகண்டர் மனமுடைந்திருந்தபோது டி லன்னாய் அவருக்கு, எல்லாவற்றையும் இழந்தும் நம்பிக்கையை விடாத விவிலிய மாந்தர் யோபுவின் கதையைச் சொன்னார் என்பது வழிவழியாக வரும் செய்தி. துயரத்தில் இருந்தவருக்கு நண்பர் தம்மிடம் இருந்த ஆறுதலைச் சொன்னார். மேலும் அறிய விரும்பியவர் நீலகண்டர். 1745இல் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனவர், 1752இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022இல் வத்திக்கான் அவரைப் புனிதராக அறிவித்தது. அதே நட்டாலத்தில்தான் மகாசிவராத்திரியின் சிவாலய ஓட்டமும் முடிகிறது. காவி உடுத்து, பனையோலை விசிறி ஏந்தி, பன்னிரண்டு சிவன் கோவில்களுக்கும் ஓடுகிறவர்கள் வழிநெடுக எழுப்பும் முழக்கம் "கோவிந்தா, கோபாலா". சிவனைத் தேடி ஓடுபவர் வாயில் திருமாலின் பெயர் இருப்பதை இங்கே யாரும் முரண்பாடாகக் கருதுவதில்லை.

சோற்று விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் எங்கள் பக்கத்தில் நட்பு முறிவதும் ஒட்டுவதும் பெரும்பாலும் இலையின் முன்னால்தான். சாமிக்குப் படைத்ததை உண்ணக் கூடாது என்று கருதும் கிறிஸ்தவ நண்பர் பலர் உண்டு. அவரைக் கொடைக்கு அழைத்தால், படையலுக்கு எடுப்பதற்கு முன்பே ஒரு தூக்குவாளியில் சோறும் அவியலும் எரிசேரியும் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். பரிமாறும்போது "இது படைக்கியதுக்கு முன்ன எடுத்தது" என்று ஒருமுறை சொன்னால் போதும். கிறிஸ்துமஸ் விருந்துக்குச் சைவம் உண்பவரை அழைத்தால், தனிப் பாத்திரம் மட்டும் போதாது, தனிக் கரண்டியும் வேண்டும். இறைச்சிக் குழம்பில் முங்கிய கரண்டி அவியலில் விழுவதைப் பார்த்தவர் வாய்விட்டுச் சொல்லாமல் மோரோடு எழுந்துவிடுவார். முஸ்லிம் நண்பருக்குக் கோழி சமைத்தால் அவர்கள் வாங்கும் கடையிலேயே வாங்குங்கள். இவ்வளவும் செய்த பிறகும் ஒருவர் கை நனைக்கத் தயங்கினால் இரண்டு மட்டிப்பழமும் ஒரு சாயாவும் கொடுத்துப் பேசிக்கொண்டிருக்க வேண்டும். "எங்க வீட்டுச் சாப்பாடு பிடிக்கலியா" என்று கேட்டு அவரை ஒரு மூலையில் தள்ளக் கூடாது. விருந்தாளியின் விலக்கு நமக்குப் பொருளற்றதாகத் தோன்றலாம்; அதை அன்றைக்கே திருத்த வேண்டும் என்ற கட்டாயம் நமக்கு இல்லை.

வாட்ஸ்அப் பற்றி இரண்டே வரிகள். மற்ற மதத்தைப் பற்றிய எந்தச் செய்தியையும், அது உண்மையாகவே இருந்தாலும், முன்னனுப்பாதீர்கள். உங்கள் மதத்தைப் பற்றிய ஐயத்தைக் கலவையான குழுவில் எழுதாதீர்கள்; நேரில் பேசுங்கள். இதை அளவுக்கு மீறிய எச்சரிக்கை என்று நினைப்பவர்களுக்கு 1982 மார்ச் மாதத்தை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. மண்டைக்காட்டுக் கொடை நாளில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே வெடித்த கலவரமும் துப்பாக்கிச் சூடும் கடலோரக் கிராமங்கள் பலவற்றை வருடக்கணக்கில் பிரித்து வைத்தன. நீதிபதி வேணுகோபால் ஆணையம் விசாரித்தது, குன்றக்குடி அடிகளார் வந்து அமைதிக்காக உழைத்தார். அப்போது கைப்பேசி கிடையாது. அண்டை வீட்டைப் பற்றிய வதந்தி அன்று நடந்தே ஊர்களைச் சுற்றி வந்தது.

பொறுக்கக் கூடாதவை

பொறையுடைமை என்றால் எதற்கும் தலையாட்டுவது என்று எடுத்துக்கொண்டால் மேலே சொன்ன எதற்கும் பொருளில்லாமல் போகும். நண்பர் புற்றைத் தெய்வமாக வணங்குவதோ, அந்நிய பாஷையில் ஜெபிப்பதோ, ஐந்து வேளை தொழுவதோ, எதையும் வணங்காமல் இருப்பதோ யாருக்கும் கேடில்லை. அதைப் பொறுத்துக்கொள்கிறேன் என்று சொல்வதுகூடச் சற்று அகந்தைதான். ஒரு மனிதரை இழிவுபடுத்தும் வழக்கம் வேறு வகையைச் சேர்ந்தது. சாதி பார்த்துப் பந்தி பிரிப்பது, கல்லறையில் சாதிக்கு ஒரு பகுதி ஒதுக்குவது, நோயுற்றவருக்கு மருத்துவத்தை நிறுத்திவிட்டு நேர்ச்சையை மட்டும் நம்பச் சொல்வது, விருப்பமில்லாத பெண்ணைச் சடங்கின் பெயரால் கட்டாயப்படுத்துவது ஆகியவை எந்த மதத்தின் பெயரால் நடந்தாலும் கேட்டாக வேண்டும். அங்கே நேரம் பார்த்துக் கேட்க வேண்டும் என்ற விதியும் தளரும்.

கேட்டால் முழு விடை உடனே வராது என்பதற்கும் மனம் தயாராக வேண்டும். தோள்சீலைக்காகத் தென் திருவிதாங்கூரில் பல பத்தாண்டுகள் நடந்த போராட்டத்தின் முடிவில், 1859இல் வந்த அரசாணை நாடார் பெண்கள் மேலுடை அணிய அனுமதித்தது. ஆனால் மேல்சாதிப் பெண்கள் அணிவதைப் போல அணியக் கூடாது என்ற நிபந்தனையையும் சேர்த்துக்கொண்டது. அரை விடை. வாங்கிக்கொண்டார்கள், ஆனால் அதோடு நின்றுவிடவில்லை. அரை விடையைத் தோல்வி என்று தூக்கி எறிபவரைவிட, வாங்கி மடியில் வைத்துக்கொண்டு மீதிக்காக நிற்பவரால்தான் காரியம் நடக்கிறது.

விடை கிடைக்காதபோது

கற்றுப் பார்த்தாயிற்று, வேலை செய்தாயிற்று, கேட்டுப் பார்த்தாயிற்று. இனி இந்த மரபில் இருக்க மனம் ஒப்பவில்லை என்று தெளிந்துவிட்டால் விலகலாம். பூதப்பாண்டியில் 1907இல் பிறந்து, குலதெய்வத்தின் பெயரால் சொரிமுத்து என்று அழைக்கப்பட்டவர், பிற்காலத்தில் பொதுவுடைமைத் தலைவர் ஜீவானந்தம் ஆனார். பகத்சிங்கின் நாத்திக விளக்கத்தைத் தமிழாக்கியதற்காகச் சிறைக்கும் போனார். விலகிய பின்னும் அவருக்குக் கம்பனின் தமிழில் இருந்த காதல் விலகவில்லை. நம்பிக்கையை விட்டவர் அதோடு சேர்த்து இலக்கியத்தையும் இசையையும் உறவையும் விட்டுவிட வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது.

விலகும் முறைக்குச் சில நடைமுறைகள் சொல்லலாம். முதலில் வீட்டாரிடம் சொல்லுங்கள். அம்மா அதை மூன்றாம் மனிதர் வாயால் கேட்கும்படி விடாதீர்கள். கொடைவரியை முற்றாக நிறுத்துவதற்குப் பதில், "அன்னதானக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொல்லலாம். பெரும்பாலான ஊர்களில் ஏற்றுக்கொள்வார்கள். ஊரில் ஒரு சாவு விழுந்தால் பந்தல் போடவும் சுக்குக்காப்பி கொடுக்கவும் முதல் ஆளாக நில்லுங்கள். உங்கள் வீட்டிலேயே சாவு நேர்ந்தால், கொள்ளிக்குடம் உடைப்பதா வேண்டாமா என்ற விவாதத்தைப் பிணத்தை வைத்துக்கொண்டு நடத்தாதீர்கள். இறந்தவரின் விருப்பம் எதுவோ அதைச் செய்துவிட்டு, பதினாறாம் நாள் அடியந்திரம் முடிந்த பிறகு உங்கள் கருத்தைப் பேசுங்கள். பகுத்தறிவாளர் சிலருக்கு இது கோழைத்தனமாகப் படும், படட்டும். உங்கள் சொந்த இறுதிச்சடங்கு எப்படி இருக்க வேண்டும் என்பதை மட்டும் எழுதி, கையொப்பமிட்டு, வீட்டில் ஒருவரிடமும் நண்பர் ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள். எழுதாவிட்டால் கடைசி நேரத்தில் உரத்துப் பேசும் உறவினர்தான் முடிவு செய்வார்.

திருமணத்துக்குச் சட்டம் வழி வைத்திருக்கிறது. மணமக்கள் இருவரும் இந்துக்களாக இருந்து சடங்கு வேண்டாம் என்றால், 1967ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தத்தின்படி உற்றார் நண்பர் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றிச் சுயமரியாதைத் திருமணம் செய்து பதிவு செய்துகொள்ளலாம். இருவரும் வெவ்வேறு மதத்தினர், யாரும் மதம் மாற விரும்பவில்லை என்றால், 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம் வழி தருகிறது. மணமக்களில் ஒருவராவது முப்பது நாளாவது வசித்துவரும் மாவட்டத்தின் திருமண அலுவலரிடம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அந்த அறிவிப்பு அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டப்படும். முப்பது நாளுக்குள் சட்டப்படி செல்லத்தக்க தடை எதுவும் வராவிட்டால் மூன்று சாட்சிகளின் முன்னிலையில் திருமணம் பதிவாகும். அச்சுறுத்தல் இருக்கும் குடும்பங்களில் இந்த அறிவிப்பே ஆபத்தாகிவிடக் கூடும். அப்படியானால் முன்கூட்டியே வழக்குரைஞர் ஒருவரிடம் பேசிப் பாதுகாப்புக்கு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். அச்சுறுத்தல் இல்லாத, வருத்தம் மட்டுமே உள்ள குடும்பங்களாக இருந்தால், தாள் அலுவலகப் பலகையில் ஏறுவதற்கு முன்பே இரண்டு வீட்டுக்கும் இருவரும் சேர்ந்து போய்ச் சொல்லிவிடுங்கள். போகும்போது இரு வீட்டாருக்கும் பழக்கமான நண்பர் ஒருவரைக் கூட அழைத்துக்கொண்டு போவது நல்லது. வாய்ச்சண்டை முற்றினால், வண்டியை எடுக்கவாவது ஒருவர் வேண்டும்.